வெற்றிலை முதல், பிரதி பிறகு

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் விளங்கட்டும். மட்டக்களப்பில் நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கும் ஓர் இளம் விரிவுரையாளர் கேட்கிறார். அடுத்த ஜூனில் ஜெர்மனியிலிருந்து 11 மாணவர்களும் 2 ஆசிரியர்களும் ஐந்து கிழமைக்கு வருகிறார்களாம். இங்கே 14 மாணவர்கள். இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரு நாடகம் தயாரித்து இங்கே போடவேண்டும். அடுத்த ஆண்டு நம்மவர்கள் அங்கே போய் அதையே போடவேண்டும். ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்டின் 'காக்கேசிய வெண்கட்டி வட்டம்' போடலாம் என்று அவர்கள் சொல்லியிருக்கிறார்கள், 'கூத்து அம்சங்களும்' சேரவேண்டுமாம். எந்த மொழியில் செய்வது, கூத்தை எவ்வளவு சேர்ப்பது, ஐந்து கிழமை காணுமா, எங்கே தொடங்குவது?

தங்கச்சி, நீங்கள் கடைசியாகக் கேட்டதிலிருந்தே வருகிறேன். ஒப்பந்தத்தில் கையெழுத்து வைப்பதற்கு முன், பிரதியைத் தீர்மானிப்பதற்கும் முன், உங்கள் பக்கத்தில் இப்போதும் கூத்துப் பழக்குகிற ஓர் அண்ணாவியாரின் வீட்டுக்குப் போங்கள். வெற்றிலை பாக்கோடு போங்கள். இத்தனை பேர் வருகிறார்கள், இதுதான் யோசனை, ஐந்து கிழமையும் எங்களோடு நிற்க ஏலுமா, உங்களுக்கு என்ன செய்யவேண்டும் என்று கேளுங்கள். அவர் ஓம் என்றால் மட்டும் 'கூத்து' என்ற சொல் உங்கள் திட்டத்தில் இருக்கட்டும். இல்லையென்றால் அந்தச் சொல்லை வெட்டிவிட்டு ஒரு நல்ல நவீன நாடகம் போடுங்கள். அதில் ஒரு குறைச்சலும் இல்லை.

நான் பட்டுத்தான் சொல்கிறேன். என்னுடைய முதல் பரிமாற்றத் தயாரிப்பில் எல்லாம் மின்னஞ்சலிலேயே முடிந்துவிட்டது. பிரதி, பாத்திரப் பகிர்வு, மேடை வரைபடம் எல்லாம் தயார். அதற்குப் பிறகு அண்ணாவியாரை 'வளவாளர்' என்ற பெயரில் ஒரு பின்னேரம் மூன்று மணித்தியாலத்துக்கு அழைத்தோம். மனிதர் வாவிக்கு அங்காலே படுவான்கரையிலிருந்து மத்தளத்தை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். ஆடிக் காட்டினார். எல்லாரும் கைபேசியில் பதிவு செய்தார்கள். ஒரு சான்றிதழும் ஒரு பொன்னாடையும் கொடுத்தோம். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே என்னிடம் மெல்லக் கேட்டார்: "மனே, இவங்க ஆட வந்தவங்களா, பாக்க வந்தவங்களா?"

நான் ஏதோ சொல்லி மழுப்பினேன். அரங்கேற்றத்தன்று மழுப்ப முடியவில்லை. மூன்றாம் காட்சியில் திடீரென்று எல்லாரும் வரிசையாக வந்து எட்டு அடி ஆடினார்கள், திரும்பினார்கள், விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார்கள். கறிவேப்பிலை மாதிரி வாசத்துக்குப் போட்டு, சாப்பிடும்போது எடுத்து ஓரத்தில் வைக்கிற கூத்து அது. சபையில் இருந்த விருந்தினர்கள் நன்றாகத்தான் கைதட்டினார்கள். அண்ணாவியார் வரவில்லை.

பரிமாற்றம் என்றதும் ஏதோ புதுச் சங்கதி என்று உங்கள் மாணவர்கள் நினைக்கக்கூடாது. காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தர் 1926இல் வெளியிட்ட 'மதங்க சூளாமணி'யில் ஷேக்ஸ்பியரை நடுவில் வைத்து, ஒரு பக்கம் பழந்தமிழ் நாடகக் குறிப்புகளையும் மறுபக்கம் தனஞ்சயனின் வடமொழி நாடக இலக்கண நூலான தசரூபகத்தையும் வைத்துப் பார்த்திருக்கிறார். பிறகு 1956 நவம்பரில் கொழும்பில் மேடையேறிய சிங்கள நாடகம் 'மனமே'. பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர அதைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டுதான் செய்தார். அதற்குச் சற்று முன்னர் ஜப்பானுக்குப் போய் அங்குள்ள மரபு நாடகங்களான நோ, கபுகி இரண்டையும் பார்த்திருந்தார். திரும்பி வந்தவர் கபுகி போடவில்லை. சிங்கள ஊர்களில் மங்கிக்கொண்டிருந்த 'நாடகம' வடிவத்தைத் தேடிப் போனார், அதைப் பழக்குகிற முதிய குருநான்சே ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். அந்த வடிவத்தின் வேர் நம்முடைய நாட்டுக்கூத்தில் கிடக்கிறது என்பது வேறு கதை. வெளியூர் போய்வந்த கண் சொந்த ஊரைத்தான் புதிதாகப் பார்த்தது. பரிமாற்றத்தால் ஒரு மாணவருக்குக் கிடைக்கக்கூடியது அதுதான் என்பது என் எண்ணம். விமானப் பயணமும் சான்றிதழும் அதற்குப் பிறகு.

பேராதனையில் இதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் பேராசிரியர் சு. வித்தியானந்தன். 1960களில் மட்டக்களப்புக் கூத்தை அவர் பல்கலைக்கழக மாணவர்களிடம் கொண்டுபோனார். கர்ணன் போர், நொண்டி நாடகம், இராவணேசன், வாலி வதை என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அமிர்தகழியிலிருந்து போன மாணவர் சி. மௌனகுரு இராவணனாக ஆடினார். விடியவிடிய ஆடுவது ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலமாகச் சுருங்கியது. நாலு பக்கமும் சனம் இருக்க வட்டக்களரியில் ஆடியது படச்சட்ட மேடைக்கு ஏறி, ஒரு பக்கம் பார்த்து ஆடுவதாயிற்று. கூடியதும் உண்டு, இழந்ததும் உண்டு. சி. ஜெயசங்கர் முன்னெடுத்த சீலாமுனைக் கூத்து மீளுருவாக்கம் எதிர்ப் பக்கத்திலிருந்து வந்தது. கூத்தை மேடைக்குத் தூக்கிக்கொண்டு போகாமல் ஊரிலேயே வைத்து, ஆடுகிறவர்களும் ஊராரும் இருந்து பேசிக் கதையையும் பாத்திரங்களையும் மாற்றுவது அது. உங்கள் மாணவர்கள் இந்த இரண்டையும் பரீட்சைக்குப் பாடமாக்கியிருப்பார்கள். ஜெர்மன் பிள்ளைகளுக்கு முதல்நாளே அவர்கள் வாயாலேயே சொல்ல வையுங்கள். தாங்கள் வந்து நிற்பது யாரும் தொடாத பழம்பொருளுக்குள் அல்ல, 60 வருசமாக நடக்கிற ஒரு சண்டைக்குள் என்று அவர்களுக்குத் தெரியவேண்டும்.

இனிப் பிரதி. அவர்கள் தற்செயலாகச் சொன்னார்களோ யோசித்துச் சொன்னார்களோ, நல்ல தெரிவு. பிரெக்ட் அமெரிக்காவில் அகதியாக இருந்தபோது, 1944இல் எழுதியது. முதன்முதலில் மேடையேற்றியவர்கள் மாணவர்கள்தான்: 1948இல் மினசோட்டாவிலுள்ள கார்ல்டன் கல்லூரியில், அதுவும் ஆங்கில மொழிபெயர்ப்பில். ஜெர்மன் மொழியில் அவருடைய சொந்தக் குழுவே பெர்லினில் போட 1954 ஆயிற்று. ஆகவே மூலமொழியில் இல்லையே, மாணவர் நாடகம்தானே என்று யாராவது உதட்டைப் பிதுக்கினால் இதைச் சொல்லுங்கள். இலங்கையில் ஹென்றி ஜயசேன 1967இல் 'ஹுணுவடயே கதாவ' என்று சிங்களத்தில் போட்டு, தானே நீதிபதி அஸ்டாக்காக நடித்தார். உங்கள் வகுப்பில் சிங்கள மாணவர்கள் இருந்தால் அவர்களுக்கு இந்த நாடகம் உங்களைவிடக் கூடத் தெரிந்திருக்கும்.

கதையின் முடிச்சு நமக்குப் புதிதில்லை. ஒரு பிள்ளைக்கு இரண்டு தாய்மார் உரிமை கேட்கிறார்கள். பைபிளில் சாலமோன் தீர்ப்பு. ஹதீஸில் சுலைமான் நபியின் தீர்ப்பு. பௌத்தர்களுக்கு மகோசத பண்டிதர் நிலத்தில் கோடு கீறி, பிள்ளையை இழுக்கச் சொன்ன ஜாதகக் கதை. மட்டக்களப்பில் ஒரே பஸ்ஸில் ஏறுகிற எல்லாருடைய வீட்டிலும் இந்தக் கதையின் ஒரு பிரதி இருக்கிறது. பழைய கதைகளில் பெற்றவளே வெல்வாள். பிரெக்டின் நீதிபதி வெண்கட்டியால் வட்டம் கீறி, நடுவில் பிள்ளையை விட்டு இழுக்கச் சொல்கிறான். பிரெக்ட் பழைய முடிவைக் கவிழ்த்து, பெற்றவளான ஆளுநரின் மனைவிக்கு இல்லாமல், இழுக்காமல் விட்ட, வளர்த்தவளான வேலைக்காரி குருஷாவிடம் பிள்ளையைக் கொடுத்துவிடுகிறார். கவிழ்த்த அந்த இடம்தான் நாடகம். முன்னுரைக் காட்சியை வெட்டச் சொல்லி யாராவது கேட்பார்கள், வெட்டவேண்டாம். ஒரு பள்ளத்தாக்கு ஆடு மேய்க்கிறவர்களுக்கா, பழத்தோட்டம் செய்கிறவர்களுக்கா என்று இரண்டு கூட்டுப்பண்ணைகள் வழக்காடுகிற காட்சி அது. ஐரோப்பாவில் பலர் தூக்கி எறிகிற பகுதி. மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைப் பிணக்குத் தெரிந்த ஊரில் இந்தக் காட்சிக்கு விளக்கவுரை தேவைப்படாது.

எனக்கு இந்தப் பிரதியில் ஆகப் பிடித்தது வேறொன்று. கதையைச் சொல்லிக்கொண்டு போகிற பாடகர் ஒருவர் அதில் வருகிறார். அவர் எப்படி இருப்பார் என்று பிரெக்டே எழுதியிருக்கிறார்: வாத்தியக்காரர்களுக்கு முன்னால் நிலத்தில் இருந்து, கைபட்டுத் தேய்ந்த சின்னக் கொப்பி ஒன்றைப் புரட்டிக்கொண்டிருப்பார். இதை வாசித்தபோது நான் தனியே இருந்து சிரித்தேன். நம்முடைய ஏட்டண்ணாவியார் அல்லவா இது! கொப்பியைக் கையில் வைத்துப் பாட்டெடுத்துக் கொடுத்து, ஆடுகிறவன் மறந்தால் அடி எடுத்துக் கொடுத்து, பாட்டைத் திருப்பிப் பாடுகிற பிற்பாட்டுக்காரர்களை இழுத்துக்கொண்டு போகிறவர். இவரை அச்சாணியாகப் பிடித்தால் உங்கள் கேள்விகளில் பாதி கழன்றுவிடும்.

ஒரு சின்ன எச்சரிக்கை. பிரெக்ட் இறந்தது 1956இல். இறந்து 70 ஆண்டுவரை உரிமை என்ற கணக்கில் 2026 முடியும்வரை பிரதிக்கு அனுமதி எடுக்கவேண்டும். அதை ஜெர்மன் பக்கத்தாரின் தலையில் கட்டுங்கள், அவர்களுக்கு வழி தெரியும். பெர்லின் தயாரிப்புக்கு இசை எழுதிய பவுல் டெசாவ் 1979வரை வாழ்ந்தவர், அவருடைய இசைக்கு உரிமை இன்னும் நெடுங்காலம் உண்டு. அதைத் தொடவேண்டாம். உங்களுக்கு அது தேவையும் இல்லை.

கூத்தை எவ்வளவு சேர்ப்பது? இத்தனை வீதம் என்று கேட்டால் பதிலே கிடைக்காது. ஊரில் ஒரு கூத்து எழும்ப எத்தனை நாள் எடுக்கிறது என்று பாருங்கள். சட்டம் கொடுத்து, கிழமைக்கூத்து ஆடி, சதங்கை அணிந்து, அடுக்குப் பார்த்து, இப்படிப் படிப்படியாக அரங்கேற்றத்துக்கு வர மாதக்கணக்காகும். அதுவும் சின்ன வயதிலிருந்து மத்தளச் சத்தத்தோடு வளர்ந்த பொடியன்களுக்கு. ஐந்து கிழமையில் வெளிநாட்டுப் பிள்ளைக்குக் கூத்து வராது. நம்முடைய பட்டணத்துப் பிள்ளைகளுக்கும் வராது, அதையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். ஆனால் ஐந்து கிழமையில் கூத்து வேலை செய்கிற முறை விளங்கும். இதே நாடகத்தை வைத்து நான் இரண்டாம் பரிமாற்றம் செய்தபோது மூன்று விசயங்களை மட்டும் எடுத்துக்கொண்டோம்: வட்டக்களரி, வரவு, பிற்பாட்டு. உடுப்பு எடுக்கவில்லை. கரப்புடுப்பும் கிரீடமும் போட்டு ஜெர்மன் பிள்ளையைப் படம் பிடிக்க எல்லாருக்கும் ஆசை வரும், அந்த ஆசையை அடக்குங்கள். அந்தப் பாரத்தைச் சுமந்துகொண்டு ஆடப் பழகியவனுக்குத்தான் அந்த உடுப்பு.

வரவு என்றால் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் அதன் பயன் இங்கே வேறு. கூத்தில் ஒரு பாத்திரம் வாய் திறக்கமுன் அதன் தாளக்கட்டும் ஆட்டமும் வந்துவிடும். அரசனா, சேவகனா, பெண்ணா, பகிடிக்காரனா என்று மத்தளம் சொல்லிவிடும். நாங்கள் ஆளுநரின் மனைவிக்கு ஒரு வரவு, சிப்பாய்களுக்கு ஒன்று, வேலைக்காரி குருஷாவுக்கு ஒன்று, அஸ்டாக்குக்கு ஒன்று என்று அண்ணாவியாரோடு இருந்து கட்டினோம். அதற்குப் பிறகு யார் எந்த மொழியில் பேசினாலும் யார் வருகிறார் என்பதில் சனத்துக்குக் குழப்பமே வரவில்லை. 'மொழிப் பிரச்சினை' என்று நாங்கள் கூட்டம் கூட்டமாகப் பேசியதில் முக்கால்வாசியைத் தீர்த்தது மத்தளம்.

முதல்நாள் காலை எப்படிப் போனது என்பதை மட்டும் கிட்ட இருந்து சொல்கிறேன். ஆறடிக்கு மேல் உயரமான ஒரு பையன், சமகால நடனம் பழகியவன், உடம்பு வில்லாக வளையும். அண்ணாவியார் சல்லாரி என்ற கைத்தாளத்தைத் தட்டி ஓர் அடி காட்டினார். அவன் உடனே பிடித்தான், கையை வீசி, கழுத்தைச் சாய்த்து அழகாகவே ஆடினான். நம்முடைய பிள்ளைகள் வாய் பிளந்து நின்றார்கள். அண்ணாவியார் சல்லாரியை நிலத்தில் வைத்துவிட்டு எழும்பிப் போய் அவனுடைய இரண்டு கையையும் பிடித்து முதுகுக்குப் பின்னால் கட்டவைத்தார். "மனே, முதல்ல காலால பேசு. கை பிறகு பேசட்டும்." யாரும் மொழிபெயர்க்கவில்லை, அவனுக்கு விளங்கியது. கை இல்லாமல் ஆடத் தொடங்கியதும் அவனுடைய கால் எங்கே தாளத்தை விடுகிறது என்று எல்லாருக்கும் தெரிந்தது, அவனுக்கும் தெரிந்தது. ஒரு மணித்தியாலம் அப்படியே. சீமெந்துத் தரையில் ஆடி அன்று இரவே ஐந்து பேருக்குக் காலில் கொப்புளம். அடுத்தநாள் மணலுக்கு மாறினோம். ஜூனில் காலை ஒன்பது மணிக்குப் பிறகு கல்லடிக் கடற்கரை மணலில் வெறுங்காலோடு நிற்க ஏலாது என்பதை விருந்தாளிகள் அன்று படித்தார்கள். கச்சான் காற்றும் அந்த நேரம்தான். ஆகவே ஆட்டம் விடியற்காலையிலும் பின்னேரம் நாலரைக்குப் பிறகும் மட்டும். நடுப்பகலில் பேச்சு, பாட்டு, பிரதி வேலை, நித்திரை. நித்திரையை அட்டவணையிலேயே போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் அவர்கள் வெட்கத்துக்கு முழித்திருந்து மூன்றாம் நாள் காய்ச்சலில் படுப்பார்கள்.

மொழி. எல்லாரும் ஆங்கிலத்தில் பேசினால் வசதி என்று ஒரு யோசனை கட்டாயம் வரும். வேண்டாம். இரு பக்கத்துக்கும் இரண்டாம் மொழி, பார்க்க வருகிறவர்களில் பலருக்கு மூன்றாம் மொழி. நடிக்கிறவனுக்கு வாயில் ருசி இல்லாத சொல், கேட்கிறவனுக்குக் காதில் ஏறாது. அவரவர் தங்கள் மொழியிலேயே பேசட்டும், கதையை ஏட்டண்ணாவியார் இழுத்துப் போகட்டும். இங்கே போடும்போது அவர் தமிழ், அங்கே போடும்போது ஜெர்மன். பக்கத்திலேயே மற்ற மொழிக்காரர் ஒருவர் பிற்பாட்டில் இருந்து இரண்டொரு வரியை வாங்கிப் பாடலாம். ஒரு பாத்திரத்துக்கு மட்டும் இந்த விதி சரிவராது: அஸ்டாக். அவன் குடிகாரன், லஞ்சம் வாங்குகிறவன், பகிடிக்காரன், ஆனால் தீர்ப்பைச் சரியாகச் சொல்லிவிடுகிறவன். அவனுடைய பகிடி சபையின் மொழியில் விழவேண்டும். இங்கே ஒரு தமிழ்ப் பிள்ளை, அங்கே ஒரு ஜெர்மன் பிள்ளை என்று தொடக்கத்திலேயே இரண்டு பேரைப் பழக்குங்கள். சிப்பாய் வேடம் முழுவதையும் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடாதீர்கள், நீங்கள் நினைக்காத ஒரு கதையைச் சனம் வாசிக்கும். எல்லாச் சிப்பாயும் நம்மவராக இருந்தாலும் அப்படித்தான். கலந்து போடுங்கள்.

திரையில் எழுத்து ஓடவிடுவதை நாங்கள் ஒருமுறை செய்து பார்த்தோம். மண்டபத்தில் பரவாயில்லை. வெளியில் போட்ட அன்று வெளிச்சத்துக்கு ஈசல் வந்து திரை முழுக்க ஒட்டிக்கொண்டது. வாசிக்க முயன்றவர்கள் ஆடுகிறவரைப் பார்க்கவில்லை, வாசிக்கத் தெரியாத கிழவிகள் பக்கத்துப் பிள்ளையைப் பிடித்து "என்னவாம், என்னவாம்" என்று கேட்டார்கள். இரண்டாவது காட்சியோடு நிறுத்திவிட்டோம்.

காட்சி எத்தனை? என் கணக்கில் மூன்று: ஒன்று பல்கலைக்கழக மண்டபத்தில், ஒன்று ஒரு பாடசாலையில், ஒன்று ஊரில், வட்டக்களரி கட்டி. ஊர்க் காட்சியைக் கடைசிநாள் 'போனஸ்' ஆக வைக்காதீர்கள், முதலில் வையுங்கள். ஊரில் ஓடினால் மண்டபத்தில் கட்டாயம் ஓடும், மறுபக்கம் அப்படியில்லை. ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி, பிரதிக்குக் கொழும்பில் அனுமதி, பரீட்சைக் காலமா என்று பார்ப்பது எல்லாம் உங்களுக்குத் தெரிந்த அலைச்சல்தான். விருந்தாளிகள் சுற்றுலா விசாவில் வந்து மேடையேறினால் பிறகு கேள்வி வரும், பொருத்தமான விசாவுக்கு அழைப்புக் கடிதத்தை நேரத்தோடு கொடுங்கள்.

எங்கள் ஊர்க் காட்சி படுவான்கரையில் நடந்தது. வாவிக்கு அங்காலே சாமான் ஏற்றிக்கொண்டு பாதையில் போனோம் (நீரைக் கடக்கிற மிதவைக்கு நாங்கள் சொல்கிற பெயர் அது. ஜெர்மன் பிள்ளைகளுக்கு 'ரோட்டுக்கும் பாதை, படகுக்கும் பாதையா' என்று ஒரே சந்தேகம்). களரி மண்ணில் வெண்கட்டி எப்படிக் கீறுவது? ஒத்திகையில் சீமெந்தில் கீறிப் பழகியிருந்தோம், அதை யாரும் யோசிக்கவில்லை. ஒரு பிள்ளை அரிசிமாவால் கோலம் மாதிரிப் போட்டாள். நல்ல வடிவாக இருந்தது. வழக்குக் காட்சி வரமுன்னர் எறும்பு வந்துவிட்டது, எறும்பைக் கண்டு காலை உதறியதில் வட்டம் பாதி அழிந்தும்விட்டது. அப்போது ஊர்ப் பெரியவர் ஒருவர் எழும்பிப் போய் வைக்கோல்புரி ஒன்றைக் கொண்டுவந்து வட்டமாகப் போட்டுவிட்டு, ஒன்றும் நடக்காதது போலத் தன் இடத்தில் போய் இருந்தார். அடுத்த எல்லாக் காட்சியிலும் நாங்கள் வைக்கோல்புரிதான் போட்டோம். பிரெக்டின் வட்டத்தைவிட அது நல்ல வட்டம். அறுவடை முடிந்த மண்ணின் வட்டம் அது.

நாடகம் முடிந்ததும் யாரும் எழும்பவில்லை. இப்படியான நேரத்தில் 'கலந்துரையாடல்' என்று மைக்கை நீட்டுவது எனக்குப் பிடிக்காது. ஆனால் வந்த ஆசிரியை விரும்பினார், நீட்டினோம். பொடியன்கள் இரண்டு மூன்று பேர் நன்றாக இருந்தது என்றார்கள். பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு தாய் மைக் வாங்காமலே பேசினார். "இழுக்காம விட்டவள்தான் உண்மையான தாய் எண்டு சொல்லுறீங்க. புள்ளைக்கு நோகும் எண்டு அவள் விட்டாள், சரி. எங்கட புள்ளையள இழுத்துக்கொண்டு போகக்குள்ள நாங்களும் கைய விட்டம். பாசத்தில இல்ல. இழுக்கப் பலம் இல்லாம விட்டம். அதுக்கு உங்கட நீதவான் என்ன சொல்லுவார்?"

எனக்கு அருகில் நின்ற மாணவி அதை ஜெர்மன் ஆசிரியைக்கு ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டாள். அஸ்டாக்காக நடித்த நம்முடைய பையன் இன்னும் வேடத்தோடு நின்றான். ஏதாவது பதில் சொல்லுவானோ என்று நான் பயந்தேன். அவன் தொப்பியைக் கழற்றிவிட்டுப் பேசாமல் களரி ஓரத்தில் இருந்தான். 2004 சுனாமிக்குப் பிறகு கல்முனையில் ஒரு கைக்குழந்தை யாருடையது என்று நீதிமன்றம் வரை போய், மரபணுப் பரிசோதனையில் முடிந்த வழக்கை இந்தக் கரையில் மறந்தவர்கள் குறைவு. போரில் பிள்ளையைத் தொலைத்தவர்கள் எந்த ஊரிலும் உண்டு. அதையெல்லாம் தெரிந்துகொண்டே பிரதியைத் தெரிந்தோம் என்று நினைத்திருந்தோம். தெரிந்திருக்கவில்லை.

அடுத்த நாலு நாள் ஒத்திகையில் பெரிய வாக்குவாதம். முடிவை மாற்றவேண்டும் என்றார்கள் சிலர். ஜெர்மன் பிள்ளைகள் சிலருக்கு அதைத் தொடவே பயம். கடைசியில் பிரெக்டின் தீர்ப்பை அப்படியே விட்டு, பிற்பாட்டில் ஒரு தரு (கூத்துப் பாட்டு) மட்டும் புதிதாகக் கட்டினோம். தீர்ப்பு முடிந்து குருஷா பிள்ளையோடு போகும்போது, கையை விட்ட மற்றத் தாய்மார் கேட்கிற கேள்வியாக அது வந்தது. அண்ணாவியார்தான் மெட்டுக் கொடுத்தார், ஒப்பாரி வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு. இதற்கு நேரம் இருந்ததே ஊர்க் காட்சியை முதலில் வைத்ததால்தான்.

நீங்கள் அங்கே போகிற பயணத்தைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை, ஆனால் உடைவது அங்கேதான். விசா ஆளாளாகத்தான் தீர்மானிக்கப்படும், நாடகக் குழு என்று ஒருமிக்கப் பார்க்கமாட்டார்கள். எங்கள் பிள்ளைகள் இரவு ரயிலில் கொழும்புக்குப் போய், கைரேகை கொடுத்து, அடுத்த ரயிலில் திரும்பி வந்து காத்திருந்தார்கள். புறப்பட இரண்டு கிழமை இருக்க, 14 பேரில் ஐந்து பேருக்கு இல்லை என்று கடிதம் வந்தது. திரும்பி வருவார்கள் என்ற நம்பிக்கை இல்லையாம். ஐந்து பேரில் ஒருத்தி குருஷா. நல்லகாலமாக, ஒவ்வொரு பாத்திரத்துக்கும் இரண்டு பக்கத்திலும் ஒருவர் என்று சோடி போட்டிருந்தோம். அங்கே குருஷாவாக ஆடிய ஜெர்மன் பிள்ளை, தமிழ்ப் பாட்டுக்களைத் தமிழிலேயே பாடினாள். இங்கே நின்றுவிட்ட நம்முடைய குருஷா அதை வட்ஸ்அப்பில் பார்த்தாள். 'அவள் என்னைவிட நல்லாத்தான் பாடினாள், சேர்' என்றாள். நான் அதற்கு என்ன சொல்ல. ஆகவே சோடி போடுவதை ஒரு பயிற்சி உத்தி என்று மட்டும் நினைக்காதீர்கள், காப்புறுதியும் அதுதான். அழைப்புக் கடிதம், வங்கிக் கூற்று, பல்கலைக்கழகப் பதிவுக் கடிதம் எல்லாவற்றையும் குறைந்தது நாலு மாதம் முன்னரே ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகத் தயார்படுத்துங்கள். வீட்டில் வருமானக் கடிதம் எடுக்க வழியில்லாத பிள்ளைகள் யார் என்று உங்களுக்குத் தெரியும், அவர்களிலிருந்து தொடங்குங்கள்.

காசு விசயம் சுருக்கமாக. ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் பிளஸ் போன்ற மாணவர் பரிமாற்றத் திட்டங்கள் பயணம் செய்கிறவரின் விமானச் செலவையும் தங்குசெலவையும்தான் முதலில் பார்க்கும். அண்ணாவியாரின் ஐந்து கிழமைக்கும், மத்தளக்காரருக்கும், களரி கட்டுகிற ஊராருக்கும் எந்தத் தலைப்பின் கீழ் காசு என்று இப்போதே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். 'அன்பளிப்பு' என்ற சொல்லை ஒத்துக்கொள்ளாதீர்கள். வருகிற ஆசிரியர்களுக்கு என்ன பெயரில் கொடுக்கிறார்களோ அதே பெயரில் இவருக்கும் கொடுக்கவேண்டும். அங்கே போகிறவர்களின் பட்டியலிலும் அவர் பெயர் இருக்கட்டும். மத்தளத்தைச் சரக்கில் போடவேண்டாம், கையோடு கொண்டுபோங்கள். தோல் எந்த மிருகத்தினது என்று எழுதிய கடிதம் ஒன்றும் கூடவே இருக்கட்டும். சுங்கத்தில் நாங்கள் இரண்டு மணித்தியாலம் நின்றோம்.

ஐந்து கிழமை காணுமா என்றால், நம்முடைய 14 பிள்ளைகளும் அதற்கு முன்னரே இரண்டு மாதம் அண்ணாவியாரிடம் பழகியிருந்தால் காணும். விருந்தாளிகளும் நம்மவர்களும் ஒரேநாளில் முதலடி வைத்தால் காணாது. அப்போது யாருக்கு யார் சொல்லிக் கொடுப்பது? நம்முடைய பிள்ளை காலைப் பிடித்துத் திருத்துகிற நிலையில் இருக்கவேண்டும்.

ஜூன் என்றால் இன்னும் நாள் கிடக்கிறது என்று இருந்துவிடாதீர்கள். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு தொடங்கினால் ஆட்களை வீட்டில் பிடிக்க ஏலாது. அதற்கு முன் அறுவடைக் காலம், வயலில் நிற்பார்கள். வெள்ளாமை வெட்டி முடிந்த கையோடு, ஒரு பின்னேரம் வெயில் தாழப் போங்கள். உங்கள் மாணவர்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போங்கள். திட்டத்தை ஒரு தாளில் எழுதிப் பையில் வைத்திருங்கள், ஆனால் அவராகக் கேட்டால் மட்டும் வெளியில் எடுங்கள்.